நிபுணர் அறிக்கையும் கடற்கரை ஊரும்: ராமநாதபுரக் கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, எண்ணெய்க் கிணறு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எது வந்தாலும், கூடவே தலையணை கனத்தில் ஒரு நிபுணர் அறிக்கையும் வருகிறது. அந்த அறிக்கைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது, எந்த இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்பது, ஊர் சொல்வது எந்தக் கட்டத்தில் எடுபடும் என்று கேட்டு வருபவர்களுக்காக இந்தப் பக்கம்.

கடலில் ஒரு திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? விஞ்ஞானியா, அரசா, ஊரா?

சட்டப்படி முடிவு அரசுடையது. பெரிய திட்டம் என்றால் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அடுத்த நிலைத் திட்டம் என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு நிபுணர் மதிப்பீட்டுக் குழு உண்டு. அது பரிந்துரைக்கும், கையெழுத்துப் போடுவது அதுவல்ல. ஊரின் இடம் கருத்துக் கேட்புக் கட்டத்தில் வருகிறது.

விஞ்ஞானி சொல்லக்கூடியது ஒன்று, சொல்ல முடியாதது ஒன்று. கடலடியைத் தோண்டினால் கிளம்பும் சேறு எந்த நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) எவ்வளவு தூரம் போகும், எத்தனை நாளில் படியும் என்று அளந்து சொல்வது அவர் வேலை. அந்தச் சேற்றால் மூன்று மாதம் நண்டு வலை விட முடியாமல் போவது "பொறுத்துக்கொள்ளக்கூடிய பாதிப்பு" என்று எழுதினால், அவர் தன் வேலையைத் தாண்டிவிட்டார். யார் பொறுப்பது, எதற்காகப் பொறுப்பது என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அறிக்கையில் "குறைவானது", "தற்காலிகமானது", "ஏற்கத்தக்கது" என்று வரும் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும் ஒரு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அறிவியல் இல்லை, அபிப்பிராயம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும்?

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர் அல்லது கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரம்பு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் "கூட்டம் நடந்தது" என்றுதான் கோப்பில் ஏறும். புறக்கணிக்கலாமா என்று யோசிக்கும் ஊர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தக் கரையில் பெரும்பாலும் கோளாறு தேதியில்தான் ஆரம்பிக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். அந்த நாளில் கூட்டம் வைத்தால் விசைப்படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள். வேறு நாளில் வைத்தால் நாட்டுப்படகுக்காரர்கள் இருப்பார்கள். விளம்பரம் வந்த வாரத்திலேயே இரு தரப்பும் பேசி, தேதியையோ நேரத்தையோ மாற்றக் கேட்டுக் கலெக்டருக்கு மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள். வர முடியாதவர்கள் எழுத்தில் கொடுத்தாலும் அதைப் பதிவில் ஏற்றியாக வேண்டும்.

ஆயிரம் பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். எங்கே தொடங்குவது?

தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசப் போகாதீர்கள். சுருக்கத்தில் முடிவுகள்தான் இருக்கும், அளவீடு இருக்காது. ஊரில் ஆங்கிலம் வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்து, முழு அறிக்கையில் 3, 4, 5, 12 ஆகிய அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். அறிவிக்கையின் மாதிரிப்படி 3 இப்போதைய சுற்றுச்சூழல் நிலை, 4 எதிர்பார்க்கும் பாதிப்பு, 5 மாற்று வழிகள், 12 தயாரித்த ஆலோசகர் விவரம்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீரும் மண்ணும் எடுத்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒரு அட்டவணையில் இருக்கும். படகிலுள்ள ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குழாய் வந்து முடியும் இடத்தில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா? பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடத்திலும் தாழை (கடற்புல்) படர்ந்த இடத்திலும் எடுத்தார்களா? புள்ளி கரைமேல் விழுகிறதா? விழும், எண் தட்டச்சில் பிசகினால் மாதிரி எடுத்த "கடல்" ஊருணிக்குள் கிடக்கும்.

அடுத்து, எந்த மாதம் எடுத்தார்கள். மழைக்காலம் அல்லாத ஒரு பருவத் தரவு இருந்தாலே போதும் என்பது பொது நடைமுறை. நம் மாவட்டத்துக்கோ இரண்டு கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கும். வாடையில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கும். இரண்டும் அடங்கிக் கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்த தண்ணீர் எங்கேயும் தெளிவாகத்தான் இருக்கும். பவளப்பாறைக்குச் சோதனைக் காலம் ஏப்ரல், மே, ஜூன். தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டும்போது பவளம் வெளுக்கிறது. 2010 இலும் 2016 இலும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் வெளுத்தது. டிசம்பரில் எடுத்த வெப்பநிலையை வைத்து "வெந்நீர் கலந்தாலும் பவளத்துக்குப் பாதிப்பில்லை" என்றால், கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மே மாத அளவு எங்கே?

12 ஆம் அத்தியாயத்தில் ஆலோசக நிறுவனத்தின் அங்கீகாரம், யார் எந்தத் துறைக்குக் கையெழுத்திட்டார் என்ற விவரம் இருக்கும். கடல்வாழ் உயிரினப் பகுதிக்குக் கடல் உயிரியல் படித்தவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வேறு திட்டத்துக்கு எழுதியதை அப்படியே ஒட்டிய இடங்களும் சிக்கும்: இந்தக் கரையில் இல்லாத ஆறு, இங்கே படாத மீன்.

கடல்நீர்க் குடிநீர் ஆலை நல்லதுதானே, அதில் என்ன கேள்வி?

தண்ணீர்ப் பஞ்ச மாவட்டத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் வேண்டியதில்லை. கழிவு எங்கே போகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. 100 லிட்டர் கடல்நீர் உள்ளே போனால் ஏறக்குறைய 40 லிட்டர் குடிநீராகும், 60 லிட்டர் திரும்பிவரும். உப்பு முழுவதும் அந்த 60 லிட்டரில்தான். லிட்டருக்கு 35 கிராம் இருந்த கடல்நீர் 58 கிராமுக்கு ஏறிவிடும். இந்த உவர்நீர் சாதாரணக் கடல்நீரைவிடக் கனமானது. மேலே மிதக்காமல் அடியில் இறங்கித் தரையோடு ஊரும். அடியில் இருப்பது தாழை, நண்டு, இறால் குஞ்சு. மேல்மட்டத் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்த அறிக்கையில் இது தட்டுப்படவே தட்டுப்படாது. எனவே கேட்க வேண்டியவை: கழிவுக் குழாய் கரையிலிருந்து எத்தனை மீட்டரில், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் முடிகிறது? நீவாடு மந்தமான நாளில் எவ்வளவு தூரத்தில் உப்பு பழைய நிலைக்கு வருகிறது? அடித்தண்ணீர் மாதிரி எத்தனை? ஆழமும் அலையும் குறைந்த பாக் நீரிணைப் பக்கம், மன்னார் பக்கத்துக்குப் போட்ட கணக்கு பொருந்தாது.

பரம்பரையாகக் கடலை அறிந்தவர்கள் நாங்கள். அதை ஏன் யாரும் சான்றாக எடுப்பதில்லை?

"எங்கள் தாத்தா காலத்தில் மீன் அள்ளும்" என்பது உண்மையாகவே இருந்தாலும், பதிவில் ஒரு வரி; பதிலும் ஒரு வரிதான் வரும். தேதியும் இடமும் அளவும் சேர்ந்தால் அதே அறிவை ஒதுக்க முடியாது. ஒரு நோட்டு போதும். தினம் ஒரு வரி: தேதி, பிறை கணக்கு, காற்று, நீவாடு எந்தப் பக்கம், வலை வகை, பாடு கிடந்த (வலை விட்ட) இடத்தின் ஜிபிஎஸ் எண், ஆழம், இன்னின்ன மீன் இத்தனை கிலோ. பத்துப் படகு, 90 நாள் எழுதினால், ஆலோசகர் மூன்று நாள் வந்து எடுத்த மீன்வளக் கணக்கைவிடக் கனமான ஆவணம் உங்கள் கையில் இருக்கும். மீன் படாத நாளையும் எழுதுங்கள். நல்ல நாளை மட்டும் எழுதிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

தண்ணீர்க் கலங்கலை அளக்க ஆய்வகம் தேவையில்லை. 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டு, நடுவில் ஓட்டை, கீழே இரண்டு கிலோ எடை, அரை மீட்டருக்கு ஒரு அடையாளம் போட்ட கயிறு. படகின் நிழல் பக்கம் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மெல்ல இழுத்து, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அளவு. காலை 10 முதல் பிற்பகல் 2 வரை எடுப்பது நல்லது. எங்கே தவறும் என்றால்: நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் மாதம் ஒருமுறை டேப்பில் சரிபார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் பார்வை மாறும், ஒருவரே பார்ப்பது உத்தமம், கறுப்புக் கண்ணாடி கூடாது. பாக் நீரிணையில் இன்னொரு சங்கடம், மறைவதற்கு முன்பே தட்டு தரையைத் தொட்டுவிடும். அப்போது ஆழத்தை அளவாக எழுதாமல் "அடி தட்டியது, தெரிகிறது" என்று எழுதுங்கள். தோண்டும் வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாத அளவு ஊர் கையில் இருந்தால், பிறகு "கடல் எப்போதும் இப்படித்தான் கலங்கியிருக்கும்" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

கடற்கரை மண்டல வரைபடங்களுக்கும் இதே முறைதான். வலை உலர்த்துமிடம், கரைவலை இழுக்கும் பாடு, வள்ளம் ஏற்றுமிடம், கருவாடு காயப்போடும் மணல் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு குறித்துக் கொடுங்கள். வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்குப் புறம்போக்கு.

விஞ்ஞானிகளே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?

ஆளைப் பார்க்காமல், அவரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்று பாருங்கள்.

சேது சமுத்திரக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம் என்று திட்டம். நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 2004 இல் சுற்றுச்சூழல் அறிக்கை கொடுத்தது. 2005 ஜூலை 2 அன்று வேலை தொடங்கியது. வழக்குகளுக்குப் பிறகு 2008 இல் அமைந்த ஆர்.கே. பச்சௌரி குழு வேறொரு வழித்தடத்தை ஆராய்ந்து, அது பொருளாதாரமாகவும் சூழலியலாகவும் தேறாது என்றது. 2013 இல் அது வெளியில் வந்தது. இதே நீரிதான் தொண்ணூறுகளில் இறால் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்காக ஆய்வு செய்து, பண்ணைகளால் வரும் கேடு வருமானத்தைவிட அதிகம் என்று சொன்னது. 1996 டிசம்பர் 11 தீர்ப்பு அதன்மேல்தான் நின்றது. ஆக, ஒரு நிறுவனத்தை "நம்ம ஆள்" என்றும் "அவங்க ஆள்" என்றும் பிரிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு உதாரணம் மண்டபம் பக்கத்திலேயே இருக்கிறது. கப்பாபைகஸ் பாசி, ஊரில் பெப்சி பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம். ஆக 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. பெண்கள் கையில் காசு புரள்கிறது என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொன்னது உண்மை. அந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் ஏறிவிட்டது என்று 2008 இல் வெளியான ஆய்வு சொன்னதும் உண்மை. ஒருவர் வருமானத்தை அளந்தார், மற்றவர் பாரை அளந்தார். இரண்டையும் தராசில் வைத்து எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று கோடு கிழிப்பது அரசியல் முடிவு. தமிழக அரசு 2005 இல் போட்ட ஆணை அப்படிக் கிழித்த கோடுதான்.

விஞ்ஞானம் என்றாலே எங்கள்மேல் தடை போடத்தானே?

கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2001 இல் கடலட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது. கடலில் மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களை யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. எதிர்க்கரையில், இலங்கையில், அதே அட்டையை உரிமம் பெற்று எடுக்கிறார்கள். அதே விலங்கு, பக்கத்துத் தண்ணீர், இரண்டு முடிவு. தடை அறிவியலிலிருந்து தானாக விழவில்லை, யாரோ முடிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. "கடல் ஏறிவிட்டது" என்று பேசிக் கழிக்கிறோம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை உடைத்து அள்ளியதால் அலைக்குத் தடுப்பில்லாமல் போனதுதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னதை நாம் காது கொடுத்துக் கேட்டது ரொம்பத் தாமதம்.

நடுவே ஒரு வழியையும் இந்தக் கரை காட்டியிருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள் மட்டும், உலோகச் சுரண்டி கூடாது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் லட்சுமிக்கு 2015 இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. மூன்று நாள், நான்கு நாள் முறையும் மோதலுக்குப் பிறகு பேசித் தீர்த்ததே தவிர ஆய்வகத்தில் பிறந்ததல்ல.

கருத்துக் கேட்பே இல்லாமல் வரும் திட்டத்தை என்ன செய்வது?

எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 2020 ஜனவரியில் "பி2" வகைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வகைக்குக் கருத்துக் கேட்பு கிடையாது. அதே 2020 இல் வந்த, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் டெல்டா உண்டு, ராமநாதபுரம் இல்லை. 2025 இல் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த சங்கதி, கொடுத்துச் சில மாதம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு.

அதனால் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளமான பரிவேஷ் இணையதளத்தில் மாவட்டப் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை பார்க்க ஒரு ஆளை நியமியுங்கள். அங்கே இல்லாத ஆவணத்துக்குத் தகவல் உரிமை மனு: 10 ரூபாய், 30 நாள். "எல்லா விவரமும் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்தக் கோப்பு எண்ணில், இந்தத் தேதி நடந்த நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பின் நகல்" என்று கேளுங்கள்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

திட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. பதிவு என்ற மதிப்பு உண்டு, அதுவும் சரியாகப் போட்டால். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்குமேல் 300 பேர் வருகை இருக்க வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் அதையே பிடித்துத் தள்ளிவிடுவார்கள். "வன்மையாகக் கண்டிக்கிறது" என்ற வரி எதற்கும் உதவாது. "அறிக்கையின் இத்தனையாம் பக்கத்தில் உள்ள மாதிரி இடங்களில் ஒன்றுகூட எங்கள் மீன்பிடி இடத்தில் இல்லை, வாடைக் காலத்திலும் கச்சான் காலத்திலும் மறு அளவீடு செய்யும்வரை முடிவெடுக்கக் கூடாது" என்று எழுதினால், நிபுணர் குழு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடத்துக்கு வருகிறது.

எங்கள் பக்கம் பேச விஞ்ஞானியை எங்கே பிடிப்பது?

மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; 1947 இல் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம் 1949 இல் மண்டபத்துக்கு வந்தது. கடற்பாசிக்கு மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் அங்கேயே. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. அரசுச் சம்பளம் வாங்குபவரை மேடைக்கு வா என்று இழுக்காதீர்கள், அவரால் முடியாது. "எங்களை ஆதரியுங்கள்" என்றும் கேட்காதீர்கள். "இந்த இடத்துத் தாழையைப் பற்றி உங்கள் நிலையம் வெளியிட்ட கட்டுரை உண்டா?" என்று கேளுங்கள். அச்சில் வந்த கட்டுரையை நீங்களே கூட்டத்தில் எடுத்துப் படிக்கலாம்.

எல்லோரும் எதிர்த்துப் பேசினால் திட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. அது வாக்கெடுப்பு அல்ல. ஆனால் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கேள்விதான் பிறகு வழக்காகிறது. உப்பூர் 1,600 மெகாவாட் அனல்மின் திட்டத்தின் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2021 இல் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் கலைந்து போகலாமா?

கூடாது. கூட்டக் குறிப்பை முடிவில் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பசி நேரம், பாதிக் கூட்டம் பஸ் ஏறிவிட்டது, "அப்புறம் அனுப்புகிறோம்" என்பார்கள். ஐந்து பேராவது உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்களும் மாதங்களும் இடப்பெயர்களும் வந்திருக்கிறதா என்று நோட்டில் டிக் அடியுங்கள். விட்டுப்போனதை அங்கேயே எழுதிச் சேர்க்கச் சொல்லி, எழுத்தில் கொடுத்த மனுக்களின் எண்ணிக்கையையும் பதியச் சொல்லுங்கள். அனுமதி வந்துவிட்டால் நாள் ஓடத் தொடங்கும்: பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91 ஆம் நாள் போனால் மனுவை வாங்கவே மாட்டார்கள். திட்டம் தொடங்கிவிட்டாலும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை போட வேண்டும். அது பொது ஆவணம், நகல் கேட்கலாம். அதில் எழுதியிருக்கும் கலங்கல் அளவுக்குப் பக்கத்தில் அதே மாதம் உங்கள் வெள்ளைத் தட்டு காட்டிய அளவை வைத்துப் பாருங்கள்.